நிலையில்லாத குளிர்காலத்தில் நாற்று விடுதல்

குளிர்காலத்தின் நடுவே நான்கைந்து நாள்கள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்துவிட்டால், காய்கறித் தோட்டம் போடுகிறவர்களுக்குக் கை பரபரக்கத் தொடங்கிவிடும். விதைப் பொட்டலங்கள் மேசைக்கு வரும், குழித்தட்டுகள் பரணிலிருந்து இறங்கும். அடுத்த வாரமே குளிர் திரும்பிவிட்டால் எல்லாம் பழையபடி பரணுக்கே போகும். வெயிலைப் பார்த்து விதைப்பதும், குளிரைப் பார்த்து விதைப்பைத் தள்ளிப்போடுவதும் வானத்தைக் கேட்டு எடுக்கும் முடிவுகள். வீட்டுக்குள் விடும் நாற்றுக்கோ தட்டில் இருக்கும் கலவையின் சூடும் இலைமேல் விழும் வெளிச்சமுமே வானிலை. வெளியில் வீசும் காற்றும் இரவில் இறங்கும் பனியும் உண்மையில் கணக்கில் வருவது, நாற்றை வெளியே கொண்டுபோய் நடும் நாளில்தான். அந்த நாள் எது என்று முன்கூட்டியே சொல்ல முடியாதபடி குளிர்காலங்கள் ஏறுக்குமாறாக நடந்துகொள்ளும்போது, முந்தி விதைக்கும் சாமர்த்தியத்தைவிட, விதைத்த நாற்றைக் கெடாமல் நிறுத்திவைக்கும் சாமர்த்தியமே அதிகம் தேவைப்படுகிறது என்பது என் கருத்து.

விதைக்கும் நாளைக் கணக்கிட எல்லோரும் கைக்கொள்ளும் வழி, கடைசி உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. வழி சரியானதுதான், அந்த நாளை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதில்தான் சிக்கல். வானிலைப் பதிவுகளிலிருந்து எடுக்கப்படும் அந்தத் தேதி, வழக்கமாக 30 ஆண்டுகளின் தரவைக் கொண்டு, இப்போதைக்கு 1991 முதல் 2020 வரையிலான தரவைக் கொண்டு, கணிக்கப்படும் நிகழ்தகவு. பெரும்பாலும் நம் கண்ணில் படுவது பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள தேதி; அதாவது அந்தத் தேதி கடந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் ஆண்டு என்ற அளவில் உறைபனி விழும். பத்து ஆண்டுகளில் ஓர் ஆண்டு மட்டுமே உறைபனி விழக்கூடிய தேதியைத் தேடினால், அது பத்துப் பதினைந்து நாள் தள்ளிப் போவது வழக்கம். தக்காளி, மிளகாய், கத்தரி, வெள்ளரி போன்ற குளிர் தாங்காத பயிர்களுக்கு இந்தப் பிந்திய தேதியை வைத்து எண்ணுவதே நல்லது. உறைபனியே விழாத, ஆனால் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும் இடங்களில், இரவு வெப்பம் 10 அல்லது 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் நிலைக்கும் நாளை அதே வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அந்த நாளிலிருந்து வெங்காயத்துக்கும் செலரிக்கும் 10 முதல் 12 வாரம், மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், பூசணிக்கும் வெள்ளரிக்கும் 3 முதல் 4 வாரம் என்று பின்னோக்கி எண்ணுவது பரவலான நடைமுறை. முட்டைக்கோஸ் குடும்பத்துக்கு நாற்றுக்காலம் 4 முதல் 6 வாரம். அவை இலேசான பனியைத் தாங்குவதால் மற்றவற்றுக்கு முன்பே வெளியே போய்விடும். இரண்டு எண்கள் தரப்பட்டிருக்கும் இடங்களில் நான் எப்போதும் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு வாரம் நாற்றுக்கு நன்மை செய்வதாகத் தோன்றினாலும், நடவு நாள் தள்ளிப்போகும் ஆண்டில் அந்த இரண்டு வாரம் நான்காகவும் ஐந்தாகவும் நீண்டுவிடுகிறது. சிறு குழிக்குள் வேர் சுற்றிச் சுற்றி இறுகிய தக்காளி, தட்டிலேயே பூவெடுத்துவிட்ட மிளகாய், நட்டவுடன் கோலிக்குண்டு அளவில் பூக்கொண்டை விட்டு நின்றுபோகும் காலிபிளவர் ஆகியவை எல்லாம் முந்தி விதைத்ததன் பலன்களே. ஐந்தாறு வாரத்தில் கட்டையாக, கரும்பச்சையாக இருக்கும் தக்காளி நாற்றை, பத்து வாரம் தட்டில் கிடந்து மஞ்சளித்த நாற்றுக்குப் பக்கத்தில் ஒரே நாளில் நட்டுப் பார்த்தால், இளைய நாற்றே பல சமயம் முந்திக்கொண்டு காய்க்கிறது. வேர் தடைப்படாமல் வெளிநிலத்துக்குப் போவதுதான் அதற்குக் காரணம்.

ஆகவே நான் எந்தப் பயிரையும் ஒரே நாளில் மொத்தமாக விதைப்பதில்லை. தேவையான நாற்றில் பாதியைக் கணக்கிட்ட நாளிலும், மீதியைப் பத்து நாள் கழித்தும் விதைத்தால், குளிர்காலம் சீக்கிரம் முடிந்தாலும் முதல் தொகுதி தயாராக இருக்கும். இழுத்தடித்தாலும் இரண்டாம் தொகுதி சரியான பருவத்தில் இருக்கும். இதற்கு அதிகமாகச் செலவாவது சில விதைகளும் கொஞ்சம் இடமும் மட்டுமே. இடமில்லாதவர்கள் முதல் தொகுதியைச் சிறிதாகவும் இரண்டாம் தொகுதியைப் பெரிதாகவும் வைத்துக்கொள்ளலாம். மாறாக, பெரும்பாலோர் ஆர்வம் தாங்காமல் முதல் தொகுதியைத்தான் பெரிதாக்குகிறார்கள்.

விதையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வெங்காய விதை ஓராண்டுக்குமேல் நம்பத்தக்கதல்ல. மிளகாய் இரண்டு மூன்று ஆண்டு வரும். தக்காளியும் முட்டைக்கோஸும் நன்றாகக் காய்ந்த நிலையில் நான்கைந்து ஆண்டுகள் தாங்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் விதைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹாரிங்டன் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் ஏறத்தாழ 5 டிகிரி குறைந்தாலும் அதே பலன். பழைய விதையாக இருந்தால் பத்து விதைகளை ஈரமான காகிதத் துவாலையில் சுருட்டி, காற்றுப் புகாத பையில் வைத்து, சூடான இடத்தில் முளைக்கவிட்டுப் பார்த்துவிட வேண்டும். குளிர்காலத்தில் முளைக்காத தட்டைப் பார்த்துக்கொண்டு விதை பழுதா, சூடு போதவில்லையா என்று மூன்று வாரம் யோசித்துக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

அந்தச் சூட்டைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். அறையின் வெப்பமானி 20 டிகிரி காட்டினால் தட்டிலும் 20 டிகிரி இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். ஈரமான கலவையின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், மூடாத தட்டு எப்போதும் அறைக் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தே இருக்கும். ஜன்னலோரமாகவோ தரையோடு ஒட்டியோ வைத்த தட்டு அதைவிடவும் குளிரும். குழாயிலிருந்து பிடித்த குளிர்ந்த நீரை ஊற்றினால் இன்னும் சில மணிநேரத்துக்கு வெப்பம் இறங்கிக் கிடக்கும். சமையலுக்குப் பயன்படும் குத்தும் வெப்பமானியைக் கலவைக்குள் விதையின் ஆழத்தில் செருகி, இரவு படுக்கப் போகும் முன்பும் விடியற்காலையிலும் பார்த்தால் உண்மை தெரியும். நிறைய வீடுகளில் விடியற்காலை அளவு 14 அல்லது 15 டிகிரிதான் இருக்கும்.

அந்த ஐந்தாறு டிகிரி எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கும் ஹாரிங்டன் காலத்து அளவீடுகளே சான்று. தக்காளி விதை 25 டிகிரியில் ஏறத்தாழ 6 நாளிலும், 20 டிகிரியில் 8 நாளிலும், 15 டிகிரியில் 14 நாளிலும் முளைக்கிறது; 10 டிகிரியில் அதற்கு ஆறு வாரம் ஆகிறது. மிளகாய்க்கு 25 டிகிரியில் 8 நாள், 20 டிகிரியில் 13 நாள், 15 டிகிரியில் 25 நாள். முட்டைக்கோஸ் 10 டிகிரியில்கூட இரண்டு வாரத்தில் எழுந்துவிடும். தாமதம் மட்டுமே பிரச்சினை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குளிர்ந்த ஈரத்தில் ஊறிக்கொண்டு கிடக்கும் விதையைப் பூஞ்சை தின்றுவிடுகிறது என்பதுதான் தொல்லை. பெரிய பருப்புள்ள பீன்ஸ் போன்ற விதைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: உலர்ந்த விதை முதன்முதலாக நீரை உறிஞ்சும் அந்தச் சில மணிநேரத்தில் நீர் மிகவும் குளிர்ந்திருந்தால், உயிரணுச் சவ்வுகள் சிதைந்து, பிறகு எவ்வளவு சூடு கொடுத்தாலும் முளை உருப்படாது.

தட்டின் அடியில் விரிக்கும் சூடேற்றும் விரிப்பு இதற்கு நல்ல தீர்வு. தெர்மோஸ்டாட் (வெப்பத்தை ஒரே அளவில் நிறுத்தும் கருவி) இல்லாத விரிப்பு அறை வெப்பத்தைவிட ஏறத்தாழ 5 முதல் 10 டிகிரி வரை உயர்த்தும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 10 டிகிரி அறையில் அது 20-ஐத் தொடத் திணறும், 25 டிகிரி அறையில் விதையை வேக வைத்துவிடும். வெளியில் குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் பருவத்தில், உணர்கம்பியைக் கலவைக்குள் செருகி வைக்கும் தெர்மோஸ்டாட் உள்ள விரிப்பையே நான் பரிந்துரைப்பேன். குளிர்பதனப் பெட்டியின் தலையில் தட்டை வைக்கச் சொல்லும் பழைய ஆலோசனை இன்னும் உலவுகிறது; இன்றைய பெட்டிகள் பலவற்றின் மேற்பகுதி சூடாவதே இல்லை, வைக்கும் முன் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். லெட்யூஸ் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது: 15 முதல் 20 டிகிரியே அதற்கு உகந்தது, 27 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்கள் முளைக்காமல் உறங்கிவிடும். அதன் விதையையும் செலரி விதையையும் மூடாமல் மேலாகத் தூவி அழுத்தினால் போதும், அவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும்.

கலவைக்குத் தோட்ட மண் வேண்டாம். இறுகிப்போகும், நோய்க்கிருமிகளோடு வரும். கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவோடு பெர்லைட், வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகள்களில் ஒன்றைக் கலந்தது போதுமானது. நார்க்கழிவில் சத்து ஏறக்குறைய இல்லை என்பதால், முதல் உண்மை இலை (முளைத்ததும் விரியும் வித்திலைகளுக்குப் பின் வரும் இலை) விரிந்த பிறகு, பரிந்துரைத்த அளவில் கால் பங்கு வீரியத்தில் திரவ உரம் கொடுக்க வேண்டும். குளிர்ந்த இடத்தில் வைத்திருந்த கலவை மூட்டையை முதல் நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்துக்கொள்வது நல்லது. ஈரம் எவ்வளவு என்பதைக் கையால்தான் அறிய வேண்டும்: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஓரிரு சொட்டுக்குமேல் நீர் வரக் கூடாது, விரலால் தட்டினால் உருண்டை உதிர வேண்டும். நன்றாகப் பிழிந்து உதறிய துணியில் இருக்கும் ஈரம் அது. விதையின் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம். தக்காளிக்கு ஐந்தாறு மில்லிமீட்டர். அவ்வளவுதான்.

குளிர்கால நாற்றின் முதல் எதிரி நாற்றழுகல் நோய். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். எடுத்துப் பார்த்தால் கலவையின் மட்டத்தில் தண்டு மட்டும் நீர் கோத்து, பழுப்பேறி, கிள்ளினதுபோல் மெலிந்திருக்கும், மேலே வித்திலைகள் இன்னும் பச்சையாகவே இருக்கும். பித்தியம், ரைசாக்டோனியா, பியூசேரியம் ஆகியவை இதற்குக் காரணமான உயிரிகள். விழுந்த நாற்றைப் பிழைக்க வைக்க மருந்தில்லை. நோய் வருவதற்கான சூழலைக் கெடுப்பதுதான் நம்மால் முடிவது. பழைய தட்டுகளைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசிவிட வேண்டும். முளை தலைகாட்டிய அன்றே தட்டின் மூடியை எடுத்துவிட வேண்டும். பாதி விதை முளைக்கட்டும் என்று காத்திருக்கும்போதுதான் முதலில் எழுந்தவை அழுகுகின்றன. தண்ணீரை மேலே ஊற்றாமல், அடித்தட்டில் ஊற்றி இருபது நிமிடம் உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சிறிய மின்விசிறி ஒன்று நாற்றின் மேற்பரப்பில் இலை அசையும் அளவுக்குக் காற்றை ஓட்டிக்கொண்டிருந்தால் பாதித் தொல்லை தீரும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலவையில் முன்கூட்டியே சேர்ப்பது உதவுகிறது, ஆனால் சொதசொதவென்று இருக்கும் தட்டில் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மேல் கலவை எப்போதும் ஈரமாக இருக்கும் வீட்டில் கறுப்பாகச் சிறு ஈக்கள் பறக்கத் தொடங்கும். பூஞ்சைக் கொசுக்கள் எனப்படும் இவற்றின் புழுக்கள் இளம் வேரைக் கடித்து, அழுகலுக்கு வாசல் திறந்துவிடுகின்றன. மஞ்சள் ஒட்டும் பொறி வளர்ந்த ஈக்களைப் பிடிக்கும்; புழுக்களுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா கலந்த நீர்தான் சரியான மருந்து. கொசுப் புழுக்களை ஒழிப்பதற்கு விற்கப்படும் அதே பாக்டீரியாதான் இது.

இனி வெளிச்சம். வெயில் அடிக்கும் நாளில் ஜன்னலோரம் பளிச்சென்று இருப்பதாக நம் கண் சொல்லும். கண்மணி தானாகச் சுருங்கி விரிந்துகொள்வதால் கண் நம்பத்தகுந்த அளவுகோல் அல்ல. நாற்றுக்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 10 முதல் 12 மோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) அளவுக்கு ஒளி கிடைத்தால் கட்டையாக வளரும். விளக்கின் கீழே சதுர மீட்டருக்கு விநாடிக்கு 200 மைக்ரோமோல் கிடைக்கும்படி வைத்து 16 மணிநேரம் எரியவிட்டால் இந்த அளவு சரியாக வந்துவிடும். சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கில் இது ஏறத்தாழ 13,000 முதல் 14,000 லக்ஸ். கைபேசியில் உள்ள லக்ஸ் அளவுச் செயலி துல்லியமில்லாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். மேகமூட்டமான குளிர்கால நாளில் ஜன்னலை விட்டு ஓரடி உள்ளே வைத்து அளந்து பார்த்தால், ஆயிரம் இரண்டாயிரத்தைத் தாண்டுவதே அரிது. நீல, சிவப்பு விளக்குகள்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டு வெள்ளை விளக்குகளே போதுமானவை, நாற்றின் உச்சிக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நாற்று வளர வளர உயர்த்திக்கொண்டே போக வேண்டும்.

விளக்கு வாங்க விரும்பாதவர்களும் ஜன்னலோரத்தில் நல்ல நாற்று எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: வெளிச்சம் குறையும்போது சூட்டையும் குறைக்க வேண்டும். நாற்று நெடுநெடுவென்று வெளிறி வளர்வதற்கு இருட்டு மட்டும் காரணமில்லை. வெளிச்சம் இல்லாத நேரத்தில் சூடு இருப்பதே காரணம். முளைக்கும்வரை 25 டிகிரி தேவைப்பட்ட தக்காளிக்கு, முளைத்த பிறகு பகலில் 18 முதல் 21, இரவில் 15 அல்லது 16 டிகிரி போதும். தொடர்ந்து ஒரு வாரம் மேகம் மூடிக்கிடந்தால் பகல் வெப்பத்தையும் 16-க்கு இறக்கிவிட வேண்டும். அந்த வாரம் நாற்று வளரவே இல்லை என்று தோன்றும். வளராததுதான் நல்லது. கதகதப்பான அறையில் மங்கலான ஜன்னலோரம் வைத்த நாற்று அதே ஒரு வாரத்தில் விரல் நீளம் வளர்ந்து, தன் எடையைத் தாங்காமல் சாய்ந்துவிடும். இரவில் கண்ணாடியை ஒட்டிய இலை அறையைவிடப் பல டிகிரி குளிர்ந்துபோகும் என்பதால், கடுங்குளிர் இரவுகளில் தட்டைக் கண்ணாடியிலிருந்து நகர்த்தி வைப்பதும், திரைச்சீலை தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வரும்படி இழுத்துவிடுவதும் அவசியம். பலரும் தட்டைத் திரைக்கு வெளிப்புறமாகவே விட்டுவிடுகிறார்கள்.

நாற்றை நிறுத்திவைக்கும் கலைக்கு இங்கேதான் அடித்தளம் இருக்கிறது. நடவு நாள் தள்ளிப்போகிறது என்று தெரிந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது வெப்பத்தைக் குறைப்பதுதான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களில் பசுமைக்குடில் செடிகளில் கண்டறிந்த ஓர் உண்மை வீட்டிலும் பயன்படுகிறது: தண்டின் நீளத்தைத் தீர்மானிப்பதில் பகல் வெப்பத்துக்கும் இரவு வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பகல் சூடாகவும் இரவு குளிராகவும் இருந்தால் தண்டு நீளும். இரண்டும் சமமாகவோ, பகல் சற்றுக் குளிராகவோ இருந்தால் கட்டையாக நிற்கும். நாள் முழுவதும் பகலைக் குளிர்விக்கத் தேவையில்லை. விடியலை ஒட்டிய முதல் இரண்டு மூன்று மணிநேரம் அறையைக் குளிரவிட்டாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும், ஏனெனில் தண்டு அந்த நேரத்தில்தான் விறுவிறுவென்று நீள்கிறது. குளிர்காலக் காலையில் அறைச் சூடேற்றியை இரண்டு மணிநேரம் தாமதமாகப் போடுவதைவிட எளிதான வேலை தோட்டக்கலையில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

இரண்டாவது, தொடுதல். செடியைத் தொடர்ந்து தொட்டும் அசைத்தும் வந்தால் அது குட்டையாகவும் தண்டு பருத்தும் வளரும் என்ற செயல்பாட்டுக்கு 1973-இல் மார்க் ஜாஃபி என்ற தாவர உடலியலாளர் பெயரிட்டு விளக்கினார். வெளியே காற்று செய்கிற வேலை அது. காலையிலும் மாலையிலும் ஓர் அட்டையையோ உள்ளங்கையையோ நாற்றின் உச்சியில் பட்டும் படாமல் பத்துப் பதினைந்து தடவை வருடினால் தக்காளி நன்றாக எதிர்வினை காட்டும். மிளகாயின் இலை எளிதில் காயப்படுவதால் அதற்கு மின்விசிறியே போதும். இலை ஈரமாக இருக்கும்போது வருடக் கூடாது. ஒன்றிலிருக்கும் நோயை எல்லாவற்றுக்கும் நாமே பூசிவிடுவோம். மூன்றாவது, நீரையும் உரத்தையும் அளந்து கொடுப்பது. தட்டைக் கையில் தூக்கினால் இலேசாக இருக்கும்வரை தண்ணீர் விடாமல் இருக்கலாம், ஆனால் இலை துவளும்வரை போகக் கூடாது.

நிறுத்திவைப்பதற்கும் எல்லை உண்டு, அது பயிருக்குப் பயிர் மாறும். தக்காளியின் முதல் பூங்கொத்து, நம் கண்ணுக்குத் தெரியாமல், நாற்று தட்டில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகிறது. 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் வைத்திருந்தால் அந்தப் பூக்கள் கோணலாகி, பின்னால் வரும் முதல் காய்கள் மடிப்பும் தழும்புமாக இருக்கும். இலையின் அடிப்பக்கம் ஊதா நிறம் ஏறினால், வேர் குளிரில் பாஸ்பரஸை எடுக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். உரம் போடுவதைவிட இரண்டு டிகிரி சூடு கூட்டுவதே மருந்து. கத்தரியும் மிளகாயும் இன்னும் நொய்யவை, அவற்றை 16 டிகிரிக்குக் கீழே நிறுத்திவைக்க முயல வேண்டாம். முட்டைக்கோஸும் வெங்காயமும் குளிரைப் பொருட்படுத்துவதில்லை என்பதால் அவற்றைக் குளிரில் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் விடலாம் என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. தண்டு பென்சில் கனத்தை எட்டிய பிறகு சில வாரம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால், அவை தாம் ஒரு குளிர்காலத்தைக் கடந்துவிட்டதாகக் கணக்கிட்டு, தலையும் கிழங்கும் கட்டாமல் பூத்தண்டு விட்டுவிடும். சிறு நாற்றுக்கு இந்த ஆபத்து இல்லை. பிந்தி விதைக்கச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

குளிரும் நீங்கவில்லை, நாற்றும் குழிக்கு மீறி வளர்ந்துவிட்டது என்ற நிலையில், பெரிய தொட்டிக்கு மாற்றுவதே வழி. வித்திலையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்; இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் நாற்றே போய்விடும். தக்காளியை மட்டும் முதல் உண்மை இலை வரை ஆழமாகப் புதைக்கலாம், புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். வெள்ளரியையும் பூசணியையும் மாற்றவே கூடாது. அவற்றின் வேர் தொந்தரவைத் தாங்காது என்பதால் முதலிலேயே பெரிய காகிதத் தொட்டியில் விதைத்து, அப்படியே நிலத்தில் இறக்க வேண்டும். காலம் தவறிவிட்டால் பழையதைக் கழித்துவிட்டுப் புதிதாக விதைப்பது மேல்.

வெளியே பழக்கும் வாரம் வரும்போதுதான் வானத்தைப் பார்க்க வேண்டும். வெயிலுள்ள நாளில் பழக்கத் தொடங்குவது எல்லோருக்கும் பிடித்தமானது, நாற்றுக்கு உகந்ததோ காற்றில்லாத மேகமூட்டமான நாள். வீட்டுக்குள் வளர்ந்த இலையின் மெழுகுப் பூச்சு மெல்லியது. நேர் வெயிலில் ஒரு நண்பகல் வைத்தாலே வெள்ளையாகத் தீய்ந்துவிடும். முதல் நாள் நிழலில் ஒன்றிரண்டு மணிநேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் முழு வெயிலுக்கும், கடைசி ஓரிரண்டு இரவுகள் வெளியிலேயே இருப்பதற்கும் பழக்க வேண்டும். இந்தப் பத்து நாளில் குளிர் திரும்பினால் தட்டை உள்ளே எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

இரவு முன்னறிவிப்பை வாசிப்பதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அறிவிக்கப்படும் வெப்பம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவது. வானம் தெளிந்து காற்றே இல்லாத இரவில், நிலம் தன் சூட்டை மேலே விட்டுவிடுவதால், தரைமட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். எனவே குறைந்தபட்சம் 3 டிகிரி என்ற அறிவிப்போடு வானமும் தெளிவாக இருந்தால், இலைமேல் பனி உறையும் என்றே கொள்ள வேண்டும். அதே 3 டிகிரி மேகமூட்டமும் காற்றும் உள்ள இரவில் ஒன்றும் செய்யாது. பகல் எவ்வளவு சூடாக இருந்தது என்பது இதில் உதவாது. மிகத் தெளிவான, இதமான பகலுக்குப் பின்னால்தான் இந்த இரவுகள் வருகின்றன.

நடுவதா வேண்டாமா என்ற கடைசி முடிவை நான் மண்ணிடமே விட்டுவிடுகிறேன். காலையில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் தொடர்ந்து சில நாள் 15 டிகிரியைத் தொட்டால் தக்காளி, 18 டிகிரியைத் தொட்டால் மிளகாயும் கத்தரியும்; முன்னறிவிப்பில் அடுத்த ஒரு வாரத்துக்கு இரவுகள் இதமாக இருக்க வேண்டும், அதற்கு அப்பால் சொல்லப்படும் முன்னறிவிப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை. நட்ட பிறகு பனி வந்தால், சதுர மீட்டருக்கு 17 முதல் 19 கிராம் எடையுள்ள நெய்யாத மெல்லிய துணி, இலையில் படாமல் வளைவுகளின் மேல் இழுத்துக் கட்டினால், ஏறத்தாழ 2 டிகிரி பாதுகாப்புத் தரும். துணிக்குள் செடியருகே நீர் நிரப்பிய புட்டிகளை வைப்பதும் வெறும் நம்பிக்கையல்ல. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீர் 0 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 84 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடும். உறையத் தொடங்கினால் மேலும் 334 கிலோஜூல். துணியின் ஓரங்களை மண்ணால் மூடி, காலையில் வெயில் ஏறியவுடன் விலக்கிவிட வேண்டும்.

பத்து நாள் கழித்து விதைத்த இரண்டாம் தொகுதியை, முதல் தொகுதி நிலத்தில் பிடித்துக்கொண்டு புதுத் தளிர் விடும்வரை, உள்ளேயே விளக்கின் கீழ் வைத்திருங்கள். தேவைப்படாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடலாம். அவர் அநேகமாக அந்த முதல் வெயிலிலேயே எல்லாவற்றையும் விதைத்திருப்பார்.